மாடிக்கு எந்த நிழல்: பச்சை வலையா, கறுப்பா, வெள்ளையா, கொடிப் பந்தலா?

மாசி முடியும்போது பாளையங்கோட்டை மொட்டை மாடியில் கால் சுடும். பங்குனியில் செருப்பே சுடும். சித்திரை மத்தியானத்தில் மாடிக்குப் போகிறவர்கள் இரண்டு வகைதான்: வற்றல் காயப்போட்டவர்கள், செடி வைத்தவர்கள். நான் இரண்டாவது வகை. போன ஆடிக் காற்றில் என் நிழல்வலை கிழிந்து, பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சுற்றிக்கொண்டது. மழைக்காலம் போய், தையும் போய், இப்போது வெயில் வந்துவிட்டது. புது வலை வாங்கியாக வேண்டும். அடுத்த தெருவில் மதினியும் இந்த வருஷம் மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறார். "நீங்க என்ன வாங்குதீங்களோ அதையே எனக்கும் சேர்த்து வாங்கிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் என்றால் கண்ணில் பட்டதை வாங்கிக் கட்டியிருப்பேன். இன்னொருவருக்கும் சேர்த்து என்றதும்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஷேட் நெட் வேணும்."

"பச்சைதானே? எத்தனை மீட்டர்?"

"ஏன், பச்சைதான் வாங்கணுமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செடிக்குத்தானே கேக்கீங்க? செடி பச்சை, வலையும் பச்சை. எல்லாரும் இதத்தான் வாங்குதாவ."

இது ஒரு கட்சி. இதற்கு நேர் எதிர்க்கட்சி ஒன்று யூடியூபில் இருக்கிறது: "பச்சை ஒளியைச் செடி வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது, ஆகவே பச்சை வலை கட்டினால் செடி பட்டினி கிடக்கும்." முதல் கட்சியில் யோசனையே இல்லை. இரண்டாவது கட்சி பாதி தூரம் யோசித்துவிட்டு நின்றுவிட்டது. மீதிப் பாதி தூரம் போய்ப் பார்க்காமல் வலையின் நிறத்தைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

மதினியின் மகள் பத்தாம் வகுப்பு. அவளையும் கூட்டு சேர்த்துக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் ஒரு கை முருங்கை இலையை அம்மியில் நசுக்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினோம். கரும்பச்சைச் சாறு. விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு சோதிக்கிற ஊதா டார்ச்சைப் பாட்டிலின் பக்கவாட்டில் அடித்தோம். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக மினுங்கியது. "அய்யோ சித்தப்பா, கலர் மாறிட்டு!" என்றாள். மாறவில்லை. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டது, வாங்கியதைக் கொடுக்க ஆளில்லை. இலைக்குள் இருந்திருந்தால் அடுத்த மூலக்கூறுக்குக் கைமாற்றியிருக்கும். பாட்டிலுக்குள் போக வழியில்லாமல், வாங்கியதில் கொஞ்சத்தைச் சிவப்பு ஒளியாகவும் மீதியை வெப்பமாகவும் வெளியே விட்டுவிடுகிறது. வாங்கியதை எங்கே கொடுப்பது என்ற இந்தச் சிக்கல்தான் நம் மாடிச் செடிக்கும் சித்திரை மத்தியானத்தில் வருகிறது. வலை கட்டுவதே அதற்காகத்தான்.

மிச்சச் சாற்றில் ஒரு சாக்பீஸை நிறுத்திவைத்தோம். சாறு மேலே ஏற ஏற நிறங்கள் பிரிந்தன: உச்சியில் மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. தெளிவாகப் பிரியவில்லை, ஆனால் பச்சை இலைக்குள் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது, போதும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 1900களின் தொடக்கத்தில் கண்ணாடிக் குழாயில் சுண்ணத் தூளை நிரப்பி இதையேதான் செய்தார். நிறப்பிரிகை என்ற முறையே அப்படிப் பிறந்ததுதான்.

இலைக்குள் இருக்கும் பச்சையம் இரண்டு வகை, ஏ, பி என்று. ஏ வகை நீல ஊதாவில் 430 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தை அலைநீளத்தால் குறிக்கும் அளவு) பக்கமும் சிவப்பில் 660 பக்கமும் அதிகமாக ஒளியை வாங்கும். பி வகை 455, 640 பக்கம். மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் நீலத்தை வாங்கிப் பச்சையத்திடம் கொடுக்கும். நடுவில் 500 முதல் 600 வரை, அதாவது பச்சையும் மஞ்சளும் இருக்கும் இடத்தில், வாங்குகிறவர்கள் குறைவு. யூடியூப் கட்சி இங்கேதான் நின்றுவிடுகிறது. இது பாட்டிலில் இருக்கும் சாற்றின் கணக்கு. இலையின் கணக்கு வேறு. இலை என்பது ஈரச் சுவர்களும் காற்றறைகளும் நிறைந்த ஒரு கூடு. பச்சை ஒளி உள்ளே போனால் நேராக வெளியே வந்துவிடாது. சுவருக்குச் சுவர் மோதித் திரியும். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். கடைசியில் தன் மேல் விழுந்த பச்சை ஒளியில் முக்கால் பங்கைப் போல இலை வாங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது மிச்சம் தப்பி வருகிற கொஞ்சம்தான். மெக்ரீ என்பவர் 1972இல் 22 பயிர்களின் இலைகளை வைத்து ஒவ்வொரு நிற ஒளிக்கும் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்து வெளியிட்டார். சிவப்பு முதலிடம். பச்சையோ நீலத்துக்கு அதிகம் சளைக்கவில்லை.

இன்னும் ஒரு விஷயம். பலத்த வெயிலில் இலையின் மேல்பக்கம் சிவப்பையும் நீலத்தையும் வாங்கி வயிறு நிறைந்துவிடும். அடிப்பக்க செல்கள்வரை இறங்குவது பெரும்பாலும் பச்சை ஒளிதான். அங்கே இன்னும் பசி இருக்கிறது. அதனால் நல்ல வெயிலில் கூடுதலாக விழும் பச்சை ஒளி, கூடுதலாக விழும் சிவப்பைவிட அதிகமாகப் பயன்படக்கூடும் என்று ஜப்பானில் தெராஷிமா குழுவினர் 2009இல் காட்டினார்கள்.

ஆக, "பச்சை ஒளி வேண்டாத ஒளி" என்பது தப்பு. ஆனால் "பச்சை வலைதான் செடிக்கு ஏற்றது" என்பதும் அதனால் சரியாகிவிடாது. பச்சை வலை வெயிலைப் பச்சையாக மாற்றுவதே இல்லை. வலைதானே, துணி இல்லையே. ஓட்டை வழியாக வரும் வெயில் சுத்தமான வெயில், ஏழு நிறமும் அப்படியே. நூலில் விழுந்த வெயில் மட்டும்தான் மாறுகிறது. பச்சை நூல் அதில் கொஞ்சத்தைப் பச்சையாகச் சிதறவிடும், கறுப்பு நூல் முழுக்க விழுங்கிவிடும், வெள்ளை நூல் நிறம் மாற்றாமல் நாலாபக்கமும் தெறிக்கவிடும். நிறத்தால் வரும் வித்தியாசம் அவ்வளவுதான்.

பச்சை வலையில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. அது செடியை ஏமாற்றுவதில்லை, நம்மை ஏமாற்றுகிறது. மனிதக் கண்ணுக்கு மிகவும் பிரகாசமாகத் தெரியும் ஒளி 555 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சை. லக்ஸ் என்ற அளவே கண்ணை வைத்துப் போட்ட அளவு. பச்சை வலைக்குக் கீழே நின்று போனில் லக்ஸ் ஆப்பைத் திறந்தால் எண் தாராளமாகக் காட்டும். செடிக்குக் கிடைப்பது அந்த எண் சொல்வதைவிடக் குறைவு. குளுகுளுவென்று, வெளிச்சமாகவும் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டு கீழே வந்துவிடுவோம்.

நான் ஏமாந்தது இப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன் முதல்தடவை வலை கட்டியபோது, "வெயில் ஜாஸ்தி, 75 போடுங்க" என்று வேறொரு கடையில் சொன்னார்கள். 75 சதவீதப் பச்சை, அதாவது வெயிலில் முக்கால் பங்கை மறைக்கிற வலை. கீழே நின்றால் சொர்க்கம். மிளகாய்ச் செடி பனைக்குப் போட்டியாக வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே ஒரு சாண். பார்க்கிறவர்கள் எல்லாரும் "என்ன உரம் போடுதீங்க?" என்று கேட்டார்கள். பூ வந்தது, கொட்டியது. அந்தச் சீசன் முழுவதும் பன்னிரண்டு செடியில் ஒரு கைப்பிடி காய். தக்காளி அதைவிட மோசம். குற்றம் பச்சையில் இல்லை, 75இல் இருந்தது.

எண்தான் முதல் கேள்வி

சித்திரை நடுப்பகலில் திறந்த மாடியில் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். டியூப்லைட் போட்ட நம் வீட்டு அறையில் சில நூறுதான். மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றிலும் தனி இலை ஒன்று முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கிடைத்தாலே தன் வேலையை உச்சத்தில் செய்துவிடும். அதற்கு மேல் வருவது உபரி.

உபரி என்னவாகிறது? இங்கே எனக்குக் குளத்தைத் தவிர வேறு உதாரணம் வராது. பாளையங்கால்வாயில் வரும் தண்ணீர் குளத்தில் சேர்கிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது. மடை ஒரு அளவுக்குமேல் விடாது. வரத்து கூடினால் குளம் மறுகால் பாய வேண்டும். மறுகால் அடைபட்டிருந்தால் கரை உடையும். இலையிலும் இப்படித்தான். நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் ஒளியை வாங்கி ஒரே மையத்துக்கு அனுப்புகின்றன. அந்த மையம்தான் மடை. வெயில் கூடிப்போனால் இலைக்குள் மஞ்சள் நிறமி ஒன்று சில நிமிஷங்களில் ஸியாக்சாந்தினாக மாறி, உபரியை வெப்பமாக வெளியே தள்ளுகிறது. இதுதான் இலையின் மறுகால். மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிற நிறமிகளில் இதுவும் ஒன்று. பெயரே மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். வெயில் தணிந்ததும் அது பழையபடி மாறிக்கொள்ளும். மறுகாலுக்கும் மிஞ்சிப்போனால் கரை உடைகிற கதைதான்: ஒளியைக் கையாளும் புரதங்களே சேதமாகும், இலை வெளுக்கும், ஓரம் கருகும்.

மாடியில் இன்னொரு கஷ்டம் சேருகிறது. தளம் சுடுகிறது, தொட்டி சுடுகிறது, வேர் தண்ணீர் கொடுத்து மாளவில்லை. செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. மடையே அடைத்தமாதிரி. வரத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு மணிக்கு மேலே போனால் மிளகாய் இலை படகு மாதிரி மடிந்து ஓரம் மேலே தூக்கி நிற்பதைப் பார்க்கலாம். ஈரம் இருந்தும் அப்படி நின்றால், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, நிழல்தான் தேவை.

இப்போது எண்ணைப் பொருத்திப் பாருங்கள். 35 சதவீத வலை மூன்றில் இரண்டு பங்கு வெயிலை விடும், 50 பாதியை. 75 கால்வாசி, காய்க்கும் செடிக்கு அது போதாது, ஏனென்றால் மேல் இலைக்குக் கால்வாசி என்றால் அடி இலைக்கு அதிலும் கொஞ்சம்தான். 90 சதவீத வலை கார் நிறுத்த நல்லது. எனவே காய்கறிக்கு 35 அல்லது 50, அதுவும் பங்குனி முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் எந்த வலையும் வேண்டாம். சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நிரந்தரமாக அடித்துவிட்டுப் போகிற வலை பாதி வருஷம் உதவியும் பாதி வருஷம் உபத்திரவமும் செய்யும்.

வலையே கேட்காத செடிகளும் உண்டு. முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே இனம். சோளம், கம்பு, கரும்பு மாதிரி இவையும் வேறு வழியில் கரியமில வாயுவைச் சேர்த்துவைத்துக்கொண்டு வேலை செய்பவை. ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966இல் துலக்கிய வழி அது. இவற்றின் மடை பெரிது. முழு வெயிலைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இவற்றுக்கு வலை கட்டுவது பணத்தையும் கீரையையும் சேர்த்து இழப்பது. மதினி ஆசையாகச் செந்தண்டுக்கீரை விதைத்திருக்கிறார். அந்தச் சிவப்பு பீட்ரூட்டின் சிவப்புக்கு உறவு, ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. அடியில் பச்சையம் இருக்கத்தான் செய்கிறது, சிவப்பு மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் வெயில் போதும், தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. பாலக், கொத்தமல்லி, புதினா கதை வேறு; அவை நிழலைக் கேட்கும்.

சில செடிகள் தாமே வலை கட்டிக்கொள்கின்றன. மாந்தளிர் ஏன் செம்பு நிறத்தில் வருகிறது? அரசும் வேம்பும்கூடத் தளிரில் சிவக்கும். தளிரில் பச்சையமும் மறுகாலும் இன்னும் தயாராகவில்லை. அதுவரை அந்தச் சிவப்பு நிறமி மேலே நின்று வெயிலில் ஒரு பங்கை வாங்கிவிடுகிறது என்பது தாவரவியலார் சொல்லும் விளக்கங்களில் முக்கியமான ஒன்று. இலை முற்றி வேலைக்குத் தயாரானதும் வலையைச் சுருட்டிவிடுகிறது. நாம் ஆணி அடித்துவிட்டு மறந்துபோகிறோம்.

நிறம் இரண்டாவது கேள்வி

பச்சைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த அகலத்திலும் கிடைக்கும், கிழிந்தால் ஒட்டுப்போட அடுத்த வருஷமும் அதுவே கிடைக்கும். 50 சதவீதம் என்று கேட்டு வாங்கினால் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களும் "மாடியில என்ன, கட்டட வேலை நடக்கா?" என்று ஒருதடவைதான் கேட்பார்கள்.

கறுப்பு எல்லாவற்றையும் விழுங்குவதால், கீழே வருவது ஓட்டை வழி வந்த வெயில் மட்டும். நிறக்கலப்பு இல்லாத ஒளி. கறுப்புக்கு நிறம் கொடுக்கும் கரித்தூளே பிளாஸ்டிக்கைப் புற ஊதாவிலிருந்து காப்பாற்றுவதால் நீண்டநாள் உழைக்கும். ஆனால் விழுங்கிய வெயில் வெப்பமாகத்தானே வெளியே வர வேண்டும்? ஆறடி உயரத்தில் கட்டினால் தலைக்கு மேல் தோசைக்கல் வைத்தமாதிரி இருக்கும். எட்டு, ஒன்பது அடி உயரத்தில், நான்கு பக்கமும் திறந்து, காற்று அடித்துக்கொண்டு போகிற மாதிரி கட்ட முடிந்தால் கறுப்பு மோசமில்லை. காற்றுக்குப் பஞ்சமில்லாத ராதாபுரம், திசையன்விளை பக்கத்துக்காரர்களுக்குக் கறுப்பையே சொல்வேன். அங்கே உழைப்புதான் முக்கியம்.

வெள்ளைதான் எனக்கு மனசுக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளை நூல் வெயிலைச் சிதறவிடுகிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டி நம் ஊரில் நடுப்பகல் சூரியன் அநேகமாக நேர் உச்சியில் நிற்கும். நட்டமாக நிறுத்திய கம்புக்கு நிழலே இருக்காது. அப்படி மேலிருந்து குத்தும் வெயிலில் உச்சி இலைகளுக்கு மறுகால், அடி இலைகளுக்குப் பஞ்சம். ஒளியைச் சிதறவிட்டால் பக்கவாட்டிலிருந்தும் உள்ளே நுழையும். மேல் இலைக்கு உபரியாகப் போனது கீழ் இலைக்குச் சாப்பாடாகும். அதே 50 சதவீதத்தில் செடி மொத்தமாகச் சம்பாதிப்பது கூடும். வலையும் அவ்வளவு சுடாது. குறைகள்: எல்லாக் கடையிலும் வைத்திருப்பதில்லை, விலை கொஞ்சம் கூட, ஆனி ஆடிப் புழுதியில் அழுக்காகிப் பழுப்பாகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி அலச வேண்டும். புற ஊதாவுக்கு மருந்து சேர்த்ததா என்று கேட்டு வாங்காவிட்டால் சீக்கிரம் நொறுங்கும்.

வெள்ளிநிறத்தில் மினுங்கும் அலுமினிய வலை இவை எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சியாக வைக்கும். விலையைக் கேட்டதோடு சரி. சிவப்பு, மஞ்சள், நீல வலைகளை வைத்து இஸ்ரேலில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பூவுக்கும் பழத்துக்கும் பெரிய அளவில் போடுகிறவர்களுக்கு அது பொருந்தும், முப்பது தொட்டிக்கு இல்லை.

இந்தத் தேடலில் ஊதா நிற எல்இடி விளக்கு விளம்பரமும் இடையிடையே வந்து நின்றது. வெயிலைத் தாங்காமல் வலை தேடுகிறவனிடம் விளக்கு விற்கிறார்கள்! சூரியன் இல்லாத அறைக்குள் வளர்ப்பவர்களுக்கு அது பயன்படும். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பச்சை ஒளி வீண் என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்க வேண்டும்.

கீற்றும் கொடியும்

ஆச்சி காலத்தில் வலை ஏது? தென்னங்கீற்றுதான். கீற்றுப் பந்தலின் கீழ் இருக்கும் குளிர்ச்சி எந்தப் பிளாஸ்டிக்கிலும் வராது. ஆனால் அது மனிதருக்கான நிழல். ஒளி மிகவும் குறைவு, காற்றில் மாடியில் நிற்காது, ஒரு வருஷத்தில் உதிர ஆரம்பித்துவிடும். நாற்றுத் தட்டு வைக்க ஒரு மூலையில் நாலு கீற்று போடலாம். தோட்டம் முழுக்க வேண்டாம்.

கொடிப் பந்தல் யோசனை மதினியுடையது. "பீர்க்கையும் கோவையும் படரவிட்டா வலையே வேண்டாமே தம்பி, நிழலுக்கு நிழலும் ஆச்சு, குழம்புக்குக் காயும் ஆச்சு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இதைத்தான் முடிவாகச் சொல்ல நினைத்தேன். ஆனால் வலை நிழலும் இலை நிழலும் ஒன்றல்ல.

வலை வெயிலின் அளவைக் குறைக்கிறது. இலை அளவைக் குறைப்பதோடு நிறங்களையும் பொறுக்கி எடுத்துவிடுகிறது. சிவப்பையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு, 730 நானோமீட்டர் பக்கம் உள்ள, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. கீழே இருக்கும் செடிக்கு இந்தக் கலவையைப் படிக்க ஒரு நிறமி இருக்கிறது, ஃபைட்டோகுரோம். இது ஒளியைச் சாப்பிடுவதற்கல்ல, மோப்பம் பிடிப்பதற்கு. சிவப்பு குறைந்து தொலைசிவப்பு கூடினால் "தலைக்கு மேல் இன்னொரு செடி நிற்கிறது" என்று அர்த்தம். உடனே செடி காயை மறந்துவிட்டு உயரப் பார்க்கும். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் 1952இல் லெட்டூஸ் விதைகளை வைத்து இதைக் கண்டார்கள். சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தது, தொலைசிவப்பு காட்டினால் முளைக்க மறுத்தது, கடைசியாகக் காட்டிய ஒளி எதுவோ அதற்கே கட்டுப்பட்டது.

எனவே பீர்க்கம்பந்தலுக்குக் கீழே மிளகாய் வைத்தால் அது காய்ப்பதைவிட எட்டிப் பார்ப்பதிலேயே காலத்தைக் கழிக்கும். அங்கே வைக்க வேண்டியவை காட்டு நிழலிலேயே பழகிய செடிகள்: வெற்றிலை, இஞ்சி, மஞ்சள், சேம்பு, பிறகு புதினா. தாமிரபரணிக் கரையில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பிய பிறகு அதன் காலிலேயே வெற்றிலையை ஏற்றுகிறார்கள். அகத்தியின் சின்னச் சின்ன இலைக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழும். நிழல் கூடிப்போனால் அகத்தியைக் கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். எண்ணைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வலை அது.

கொடிக்கு இன்னொரு சிக்கல்: நமக்கு நிழல் அவசரமாக வேண்டியது பங்குனி, சித்திரையில். இப்போது விதை போட்டால் பீர்க்கு பந்தலை மூடுவதற்குள் பாதி வெயில் போய்விடும். கோவை, சங்குப்பூ மாதிரி நிலைத்து நிற்கும் கொடியானால் அடுத்த வருஷத்துக்கு உதவும்.

எந்தப் பக்கம் கட்டுவது

இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாடியில் நின்று பார்த்ததுதான். "சூரியன் தெற்கே சாய்ந்து போகும்" என்று நினைத்துத் தெற்கே வலையை இறக்கிக் கட்டி, வடக்கே திறந்து விட்டிருந்தேன். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடு வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் நிழலைப் பாருங்கள், தெற்கே விழும். என் வடக்கு வரிசைத் தக்காளி கருகியதற்குக் காரணம் அதுதான். வலையை வடக்குப் பக்கம் இரண்டடி நீட்டி விட வேண்டும். மேற்கிலும் இறக்க வேண்டும். சாயங்கால வெயில்தான் சுட்டுப்போன தளத்தோடு சேர்ந்து கொல்கிறது. கிழக்கை மறைக்கவே கூடாது. காலை வெயிலில் இலைத்துளைகள் திறந்திருக்கும், மடை முழுவேகத்தில் ஓடும் நேரம் அது.

தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த மாதக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். ஆனி, ஆடியில் அங்கே சாரல் மேகமே 75 சதவீத வலை. வைகாசி கடைசியிலேயே அவிழ்த்துவிடலாம். எங்களுக்கு அந்த மேகத்தின் காற்று மட்டும்தான் வந்து சேரும், அதுவும் வலையைக் கிழிப்பதற்கு.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது. எனக்கு, மிளகாய், தக்காளி, பாலக் இருக்கும் நடுப்பகுதிக்கு 50 சதவீத வெள்ளை, ஒரு பக்கம் கம்பியில் வளையம் போட்டுத் திரைச்சீலை மாதிரி இழுக்கிற விதத்தில். பத்தரை மணிக்கு இழுத்து நாலு மணிக்கு ஒதுக்கிவிடலாம். கீரைத் தொட்டிகள் கிழக்கு ஓரம், வெட்டவெளி. பழைய 75 பச்சையில் கிழியாமல் மிஞ்சிய துண்டு நாற்றுக்கும் வெற்றிலைக்கும். மேற்கே கோவைக்கொடி, அடுத்த வருஷத்துக்காக. மதினி காலையில் வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வருகிறவர். தினம் இழுத்து ஒதுக்க ஆளில்லை. அதனால் அவருக்கு 35 சதவீதம், அசையாமல் கட்டிவிடுகிற மாதிரி, வெள்ளை.

சீட்டைப் படித்துவிட்டு மதினி கடைக்குப் போன் போட்டார். 35இல் வெள்ளை வர இரண்டு வாரமாகுமாம். பச்சை கையில் இருக்கிறதாம். "பச்சையே இருக்கட்டும் தம்பி, ஓட்டை வழியாத்தானே வெயில் வருதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். பதில் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பி கட்ட வரச் சொல்லியிருக்கிறார், வெயில் ஏறுமுன் வந்துவிட வேண்டுமாம்.